பால் காய்ச்சாத வீடு

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தான். கேட்டைத் திறக்க வேண்டிய வீட்டுக்காரர், உட்பக்கம் கொண்டியைப் பிடித்தபடி நின்றார். காலையில் டயர் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சிவபாண்டி, மத்தியானத்துக்குள் முடிந்துபோய், வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். ஒரு மாத வாடகையைக்கூட அவன் தாமதித்துக் கொடுத்ததில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் வீட்டுக்காரர், சிவபாண்டியின் மனைவி இசைவாணியின் முகத்தைப் பார்க்காமல். "மாடியில எம்மக முழுகாம இருக்கு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஊருக்குக் கொண்டு போறதுன்னா நானே வண்டிக்குச் சொல்லித் தாரேன்."

நல்ல மனுஷன்தான். தீபாவளிக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர். அந்த நல்ல மனுஷனை ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று இசைவாணிக்குத் தோன்றியது. கை எழவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே.

சிவபாண்டியின் அண்ணன் அழகுமலை தகவல் தெரிந்ததும் உசிலம்பட்டியிலிருந்து ஓடி வந்திருந்தார். "சரிங்கண்ணே, நாங்க பேரையூருக்கே கொண்டு போயிடுறோம்," என்று அவர் தலையாட்டியதும்தான் வீட்டுக்காரருக்கு மூச்சு வந்தது.

"ஊருக்கு வேணாம் மாமா," என்றாள் இசைவாணி. "கோச்சடைக்குக் கொண்டு போங்க. நம்ம வீட்டுக்கு."

அழகுமலைக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் அவளை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"அது இன்னும் பால் காய்ச்சாத வீடு தாயி. நிலைக்கு வச்ச பொட்டுகூட அழியல. மொதமொதல்ல பொணமா அந்த நிலையத் தாண்டுறது? அப்புறம் அந்த வீட்ல மனுசர் குடியிருக்க முடியுமா? வித்தாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"யாரு மாமா குடியிருக்கப் போறா?"

அழகுமலை டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் பின்கதவைச் சாத்தினான்.

வண்டிக்குள் இசைவாணி புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் இதே தெருக்களில்தான் இரண்டு பேரும் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். பேரையூர்ப் பக்கம் என்றால், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும், வீட்டுக்கு நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டதாக ஞாபகம் வந்துவிடும். இந்த வீட்டுக்காரர் தெருவைக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை உண்டா என்று மட்டும் கேட்டார். சுவரில் கிறுக்குமாம்.

அன்றைக்கு ஆரப்பாளையம் டீக்கடையில் நின்றபடிதான் பேசி முடித்தார்கள்.

"நம்ம புள்ள நம்ம சுவத்துல கிறுக்கட்டும் வாணி," என்றான் சிவபாண்டி.

"அப்ப வீடு மொதல்ல. புள்ள அப்புறம்," என்றாள் அவள். குடித்த கிளாஸைக் கீழே வைக்கும்போது இரண்டு பேருக்கும் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு.

பேச்சு மாறவில்லை. ஜவுளிக்கடையில் தன்னோடு வேலை பார்த்தவளின் குழந்தைக்குக் காது குத்துக்குப் போய்வந்த அன்று அவள் உடைந்துபோய், "எனக்கு இப்பவே வேணுங்க," என்று அழுதாள். அவன்தான் தேற்றினான். மனை வாங்கி அஸ்திவாரம் போட்ட சமயம் அவன் தளர்ந்தான். "வயசு ஏறுது, இனிமேலும் தள்ள வேணாம்," என்றான். "இம்புட்டு நாள் பொறுத்தோம், காங்கிரீட் போடுற வரைக்கும் பொறுங்க," என்று அவள் தட்டிக்கொடுத்தாள். ஒருத்தர் சோர்ந்தால் மற்றவர் தாங்கிப் பிடித்தார்கள். புருஷன் பொண்டாட்டி என்றால் இப்படி ஒரே பேச்சாய் இருக்க வேண்டும் என்று சொந்தபந்தமே மெச்சியது. நாசமாய்ப் போக அந்த மெச்சுதல். ஒரே ஒரு நாள், ஒரே நேரத்தில், இரண்டு பேரும் சேர்ந்து தளர்ந்து தொலைத்திருக்கக் கூடாதா?

கோச்சடை வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை. உள்ளே அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து, ஐஸ் பெட்டியை வைத்தார்கள். பூசாத செங்கல் சுவரில் ஆணியடித்து மாலையை மாட்டினார்கள். ராத்திரி முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஊரிலிருந்து வேன் வந்தது. எல்லோரும் அந்த வீட்டை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள், அழுது ஓய்ந்ததும் எழுந்து சுற்றிப் பார்த்தார்கள். அடுப்படி விசாலமாக இருக்கிறது என்று யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னது இசைவாணியின் காதில் விழுந்தது. உண்மைதான். விசாலமாகத்தான் இருந்தது.

"கொள்ளிச் சட்டி தூக்குறது யாருப்பா?" வாசலிலிருந்து காரியக்காரர் கேட்டார். "மகன் எங்க? கூப்பிடுங்க."

கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"எம்மகன் பாண்டிராஜ் தூக்குவான்," என்றார் அழகுமலை.

காலேஜில் படிக்கிற பாண்டிராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். இசைவாணி அவனைப் பார்க்கவில்லை. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் ஒன்று பிறந்திருந்தால் எம்புட்டு உயரம் இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. வேண்டாம், வேண்டாம் என்று அதன் வாயைப் பொத்தினாள்.

தூக்குகிற நேரத்தில் அழகுமலையின் மனைவி தங்கப்பொண்ணு அவளைக் கைத்தாங்கலாகப் பக்கத்துச் சின்ன அறைக்குள் கூட்டிப் போனாள். கூடத்தைப் பார்க்க விடாமல் குறுக்கே நின்றுகொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் எதையோ பேசினாள்.

"இது சாமி ரூமாடி? ஜன்னலப் பாரு, முட்டி உசரத்துல வச்சிருக்கான். கொத்தன் அளவு தப்பிட்டானா?"

"இல்லக்கா. அவருதான் தாழ வைக்கச் சொன்னாரு."

"எதுக்கு?"

இசைவாணி உள்ளங்கையைக் கவிழ்த்து இடுப்பளவு உயரம் காட்டினாள். தங்கப்பொண்ணு ஜன்னலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கொட்டுச் சத்தம் மறுபடி கிளம்பியது. இசைவாணி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் பாண்டிராஜ் புகையும் சட்டியோடு நடந்தான், பின்னால் பாடை போயிற்று. தெருமுனை வரை எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.