அலமாரிக்கு இரண்டு சாட்சிகள்

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘வேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று தேடி எழுதுவது அவர் வேலை. அன்றைக்குக் காலையிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னல் வரை போய்த் திரும்புவார். மூன்று மணிக்கு ‘அ’ வரிசை அச்சுக்குப் போகிறது. அதில் ‘அலமாரி’ அரபிச் சொல் என்று இருக்கிறது. அது தப்பு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதல் பதிப்பில் அப்படி எழுதியவரும் அவர்தான். ‘அல்’ என்று ஆரம்பிக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு அரபி என்று போடு! நாலு மொழி படித்தவனுக்கு மட்டுமே வாய்க்கிற பிழை இது. அப்போது அதே பிரிவில் அவர் மனைவியும் இருந்தாள். போர்த்துகீசியர்களின் ‘அர்மாரியு’, அதன் பழைய வடிவம் ‘அல்மாரியு’, அதற்கும் பின்னால் ஆயுதம் வைக்கிற இடத்துக்கு லத்தீனில் இருந்த ‘அர்மாரியும்’, அங்கிருந்து கப்பலேறி இந்திக்கும் மலாய்க்கும் நமக்கும் வந்த வழி, எல்லாவற்றையும் அழகாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வேர் அதை நிறைந்த கூட்டத்தில் தூக்கிக் காட்டி, “கப்பல் கதையெல்லாம் வேண்டாம்” என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். கூட்டமே சிரித்தது. அடுத்த மாதம் அவளைப் பிழைதிருத்தத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து காற்புள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலிலேயே நிற்கட்டும் என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம். பதினோரு வருஷமாக நிற்கிறது.

புதுப் பதிப்புக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சொல்லின் வரலாற்றுக்கும் வெளிப்புத்தகங்கள் இரண்டு சாட்சி சொல்ல வேண்டும். அலமாரிக்கும் இரண்டு வைத்திருந்தார். காலையில் பக்க எண்ணைச் சரிபார்க்கப் போனபோதுதான் இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தைக் கைகாட்டியது. முதல் புத்தகத்தின் அடிக்குறிப்போ இந்த அலுவலகத்தின் முதல் பதிப்பையே கைகாட்டியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே வேலியைக் கட்டியதும் அதே ஓணான்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அச்சேறினால் இன்னும் இருபது வருஷத்துக்கு அதுதான் உண்மை. மேஜையில் கிடந்த அலமாரிப் பக்கத்தைப் பார்த்தார். பிழைதிருத்துபவர் கையெழுத்துப் போடும் கட்டம் காலி. மூன்று தடவை அந்தப் பக்கம் அப்படியே திரும்பி வந்திருந்தது. சோம்பேறித்தனம் என்று அவளைத் திட்டியிருந்தார். தப்பென்று தெரிந்துதான் அவள் கையெழுத்துப் போடவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

தள்ளுபடியான சீட்டுகளையும் அங்கே எறிவதில்லை. சீட்டுகள் வைக்கிற அலமாரியின் அடித்தட்டைக் கிளறி அவளுடைய சீட்டை எடுத்துக்கொண்டு பதிப்பாசிரியரின் அறைக்குப் போனார். பதிப்பாசிரியர் கெட்டிக்காரர். பக்கத்தை நிறுத்தச் சம்மதித்தார். புதுச் சீட்டில் இன்றைய தேதியைப் போட்டுவிட்டால் சாதாரணத் திருத்தமாகப் போய்விடும், யாரும் கிளற மாட்டார்கள் என்றும் சொல்லிக் கொடுத்தார். திருத்திய சீட்டை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் குத்தி வைப்பது அங்கே வழக்கம்.

வேர் இன்றைய தேதியோடு புதுச் சீட்டில் அதைப் பிரதி எடுத்து மனைவியின் மேஜையில் வைத்தார். அவள் முழுதும் படித்தாள்.

“தேதி ஏன் மாறிச்சு?”

“புதுப் பதிப்புதானே...”

“நான் இதை இன்னிக்கு எழுதல. எழுதின தேதியையே போடுங்க.”

குரல் உயரவே இல்லை. பழைய தேதியோடு பலகையில் ஏறினால் அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் கதை புரிந்துவிடும். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. புதுச் சீட்டைக் கிழித்தார். சிவப்புக் கோடு போட்ட பழைய சீட்டையே எடுத்து, கோட்டுக்குக் கீழே ‘கோடு தவறு’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அவள் பேனாவை எடுத்துப் பக்கத்தின் காலிக் கட்டத்தில் கையெழுத்திட்டாள்.

பலகையில் சீட்டைக் குத்தியது அவர்தான். ஒவ்வொருவராக வந்து படித்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், திரும்பி அவரைப் பார்த்தார்கள். கடைசி ஆள் படித்து முடிக்கிறவரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.