நாற்பது நாள் படுக்கை

நல்லகாமனை விட்டுக் காய்ச்சல் போய்ப் பத்து நாளாயிற்று. போன சனியன் சும்மா போகவில்லை. ஒச்சாயி புருஷன் மார்பில் கை வைத்து வைத்துப் பார்த்தாள். நெஞ்சு இரண்டு துடி துடித்து ஒன்றை விழுங்கும், பிறகு திமுதிமுவென்று ஓடும், சட்டென்று நிற்கும். அப்போது அவளுக்கும் மூச்சு நின்றுவிடும்.

மாட்டு வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் வண்டியிலேயே ஏறி நாடி பார்த்தார். "விஷக்காய்ச்சல் நெஞ்சைப் பிடிச்சிருச்சும்மா. நாப்பது நாள் படுத்த படுக்கையா கிடந்தா பிழைப்பாரு. நடந்தா நான் பொறுப்பில்ல" என்றார்.

மகராசன் சொல்லிவிட்டார், வெள்ளைக்கார சர்க்கார் விட வேண்டுமே! மதுரைக்கு மேற்கே அவர்கள் சாதியில் பிறந்த ஆம்பிளை அத்தனை பேரும் திருடன் என்று சட்டம் போட்டிருந்த காலம் அது. அடுத்தவன் வேலியில் ஒரு முள்ளைக்கூட ஒடிக்காத நல்லகாமனும் தினம் பொழுது சாய இரண்டு மைல் போய், போலீஸ் கச்சேரி வாசலில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். வராதவனை வீடு புகுந்து அடித்து இழுத்துப் போவார்கள். ஒச்சாயி டாக்டர் சீட்டை நீட்டினாள். "சீட்டு வந்து ரேகை வைக்குமா? ஆள் வரணும்" என்றார் ஏட்டு.

கொழுந்தன் காளையின் வண்டியில் வைக்கோல் பரப்பி, மூன்று நாள் படுக்கவைத்துக் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் வரிசையில் நின்றபடியே உதடு நீலம் பாரித்து மண்ணில் சரிந்தான். "நடிக்கிறான்" என்றார் ஏட்டு. அவர் நாக்கு அழுகிப்போக.

நான்காம் நாள் வழியெல்லாம் அவள் கை அவன் மார்பை விட்டு எடுபடவில்லை. இன்னும் முப்பத்தாறு நாள். இந்த நெஞ்சு தாங்காது, தாங்கவே தாங்காது. அப்போதுதான் பங்காளி பேயாண்டி ஞாபகம் வந்தது. மூன்று மாதம் ஜெயிலில் இருந்து சதை போட்டு வந்தவன். வேளைக்குக் கஞ்சி, மற்ற நேரம் படுக்கை என்று பெருமை பேசித் திரிந்தான். உள்ளே கிடப்பவனை எவன் வரிசையில் நிற்கச் சொல்வான்?

கச்சேரி வாசலில் ஏட்டின் காலில் விழுந்தாள்.

"சாமி, போன வாரத்துலருந்து தேடுறீகளே செம்மறிக் கிடா, அதைக் களவாண்டது எம் புருசந்தேன். பிடிச்சு உள்ள போடுங்க சாமி!"

"மதினி, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று காளை கத்தினான்.

வண்டியில் கிடந்த நல்லகாமன் முழங்கையை ஊன்றி எழுந்தான். சர்க்கார் என்ன பேர் வைத்தாலும் தன் கையில் அழுக்கில்லை என்ற ஒன்றுதான் அவனுக்கு இருந்த வீம்பு. காறித் துப்பப் போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவள் கண்ணில் கிடந்த கெஞ்சலைப் பார்த்தானோ என்னவோ, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"ஆமா சாமி. நாந்தேன்."

ஏட்டு எழுதிக்கொண்டு அவனை லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார். அவன் தரையில் நீட்டிப் படுத்தான். ஒச்சாயி கம்பிக்குள் கைவிட்டு மார்பைத் தொட்டாள். நெஞ்சு நொண்டியது, ஆனால் ஓடவில்லை.

"என்னைய ஏசுங்க, அடிங்க. அசைய மட்டும் அசைஞ்சிராதீக" என்று அழுதாள்.

"கழுத, அழுவாத" என்று அவன் கண்ணை மூடினான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எம்புட்டு நாளு சாமி இங்க இருப்பாரு?"

"இது என்ன சத்திரமா? காலையில தாலுகா கோர்ட்டுல நிறுத்தணும். எட்டு மைலு."

"வண்டியில தானே சாமி?"

"கைதிக்கு ஏது வண்டி? விலங்கு போட்டு நடத்திக் கூட்டிட்டுப் போறதுதான்."

ஒச்சாயி கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். "பொய் சாமி! அவரு எடுக்கல! பாவி நான் சொன்னது அம்புட்டும் பொய்!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றது" என்று ஏட்டு தொப்பியைக் கழற்றினார். பிறகு பாராக்காரனிடம் சொன்னார்: "இவனைக் கருக்கல்லயே எழுப்பிரு. வெயிலுக்கு முன்னால பாதித் தூரம் தாண்டிரணும்."