ஒன்பதாம் குவியல்

வேலை முடிந்து மாக்ரீத்தா வீட்டுக்குள் கால் வைத்ததும் அண்ணன் பாரென்ட் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கண்டுபிடிச்சியா?"

மூன்று வருடமாக அவளும் "இல்லண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். தென்னாப்பிரிக்காவின் நமாக்குவாலாந்துக் கடற்கரையில் அவர்கள் அப்பாவின் ஆட்டுப்பட்டி இருந்த இடத்தை வைரக் கம்பெனி வேலி போட்டு வளைத்தபோது அண்ணனுக்குப் பதினொரு வயது, அவளுக்கு மூன்று. அந்த இடம் அவளுக்கு ஞாபகமே கிடையாது. ஞாபகமில்லாத ஒன்றுக்காக ஒருத்தி ஏங்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஐம்பது வருடமாக அவள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இருந்த வைரத்தை எல்லாம் வழித்தெடுத்தபின் கம்பெனி மூட்டை கட்டியது. போகும்போது, தோண்டிய நிலத்தில் அந்த மண்ணுக்குரிய புதர்களை நட்டுக் கொடுக்க வேண்டும், ஆமையும் சிறுமானும் திரும்பி வர வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. நடவு வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றவள் மாக்ரீத்தா. உள்ளே போய்ப் பார்த்தால் பாறையுமில்லை, மேடுமில்லை. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தார்கள். செத்துப்போன அப்பாவே எழுந்து வந்தாலும் யாரிடமாவது வழி கேட்டுத்தான் போயிருப்பார்.

இந்த மழைக்காலத்தில், காற்றைத் தடுக்கக் கட்டிய வலைகளுக்கு நடுவே, ஆமைகள் விரும்பித் தின்னும் ஆமைச்செடி நட்டிருந்த ஒரு திட்டில் மட்டும் உப்புக்கீரை மண்டிவிட்டது. மேஸ்திரி தீவால்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வர்றாங்க. அதுக்குள்ள இதைப் பிடுங்கிடணும். உப்பைக் கக்கி நம்ம செடியை எல்லாம் சாவடிச்சிடும்."

"இது பழைய பட்டியிலதானே மொளைக்கும்? இங்க எப்படி வந்துச்சு?"

கொத்தால் கிளறினாள். கறுத்த மண்ணில் பாதி மக்கிய ஆட்டுப் புழுக்கை கிடந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இந்த மண்ணு எங்கேர்ந்து கொட்டினது?"

தீவால்ட் லாரியிலிருந்த வரைபடத்தை எடுத்து விரித்தான். "தோண்டறதுக்கு முன்னாடி மேல்மண்ணை வழிச்சுக் குவிச்சு வச்சாங்கல்ல, அதுல ஒம்பதாம் குவியல் இது. ஊத்து வளைவுலேர்ந்து வந்தது. மூணு கிலோமீட்டர் வடக்க."

ஊற்று வளைவில் பட்டி போட்டிருந்தது ஒரே ஒரு குடும்பம்.

"அந்த வளைவு இப்ப?"

"அதானேக்கா பெரிய குழி. கடல் தண்ணி நிக்குதே."

அன்று சாயங்காலம் அண்ணன் கேட்பதற்கு முன்பே "கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். பாதியை மட்டும் சொன்னாள். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மாக்ரீத்தாவின் கெஞ்சலுக்கு மசிந்து தீவால்ட் இருவரையும் லாரியில் ஏற்றி வந்தான். பாரென்ட் தடியை ஊன்றி இறங்கினார். கடலைப் பார்த்தார், திரும்பி மலையைப் பார்த்தார்.

"ஏ பிள்ளே, யாரை ஏமாத்துற? நம்ம வாசல்ல நின்னா கடல் தெரியாது. சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

"இடம் இதில்லண்ணே. மண்ணுதான் நம்மளது. அதை இங்க கொண்டாந்து கொட்டியிருக்காங்க. இடம் குழியாப் போச்சு, முழுக்கத் தண்ணி."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, வலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரென்ட் மெல்ல மண்டியிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"ஆட்டை உள்ள விடுவாங்களா?"

"மாட்டாங்கண்ணே. ஆமைக்கும் மானுக்குந்தான்."

"குடுத்து வச்சதுங்க" என்றார். எட்டி ஒரு உப்புக்கீரையை வேரோடு பிடுங்கிப் போட்டார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அதுங்களாவது வரட்டும். அந்தப் பக்கத்துலேர்ந்து நீ ஆரம்பி."

மதியத்துக்குள் திட்டு வெறுமையாகிவிட்டது. ஆமைச்செடிகள் மட்டும் இடைவெளி விட்டு நின்றன. பாரென்ட் அந்தக் கறுத்த மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கிற உத்தேசமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மாக்ரீத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் சூடாக இருந்தது. இத்தனை வருடம் ஏங்கியது இதற்குத்தானா, இது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

லாரியிலிருந்து தீவால்ட் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து வலைக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றான்.

"அக்கா, நேரமாச்சு."

பாரென்ட் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"அந்தப் பையன் ஏன் வெளியிலயே நிக்கிறான்?" என்றார் தங்கையிடம். "உள்ள வரச்சொல்லு. காபி குடிச்சிட்டுப் போகட்டும்."

மாக்ரீத்தா பையிலிருந்த பிளாஸ்கை எடுத்தாள்.