கழுவாத கூழ்ப்பானை

என் வீட்டுக்காரர் சுப்பராயலு எட்டாவது பெயில். ஆனால் போன தை மாசத்திலிருந்து அவர்தான் ஊருக்கு டாக்டர். வாட்ஸப்பில் எவனோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் பக்கவாதம் வராமல் காக்கும் என்று பெருமுக்கல் டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினார். நாலு வெட்டிப்பயல்கள் தலையாட்டினார்கள். அது போதாதா அவருக்கு?

அன்றோடு பிரஷர் மாத்திரை குப்பைக்குப் போனது. அது நல்ல கிருமியைக் கொன்றுவிடுமாம். கேப்பைக் கூழ்ப்பானையை நான் கழுவவே கூடாதாம். அடியில் ஒட்டியிருப்பதுதான் விதையாம். மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, விதை எடுத்து வைக்க மறக்கிற மனுஷன் கிருமிக்கு விதை காத்தார்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு நிறுத்துங்க" என்றேன்.

"அவனுக்கு இன்னாடி தெரியும்? மாத்திரை விக்கிறவன்."

சித்திரையில் ஒரு நாள், காலை எட்டு மணி. கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். வார்த்தை குழறியது. கையிலிருந்த சொம்பு சாய்ந்து வேட்டியெல்லாம் கூழ்.

"இன்னாங்க, கூழு புளிச்சி போதை ஏறிடுச்சா?" என்று சிரித்தேன். மறுபடியும் ஏதோ சொல்லப் பார்த்தார். "கிருமிங்க வேலை செய்யுது போல. செய்யட்டும், படுங்க."

படுத்தார். நான் மல்லாட்டை பிடுங்க ஊருக்கு வெளியே கொல்லைக்குப் போய்விட்டேன். பக்கத்துக் கொல்லை தேவயானியிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பதினொன்றரைக்குத் திரும்பினேன். அதே இடத்தில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கினேன், தொப்பென்று விழுந்தது. 108-க்குப் போன் போட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்து, விழுப்புரம் போய்ச் சேர மணி ஒன்றரை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவிடம் கூழ் கதையையும் மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன்.

"குடல் கிருமிக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி நடக்குது, நிஜந்தான். மாத்திரைய நிறுத்தச் சொல்லி யாரும்மா சொன்னது? சரி, எப்போ ஆரம்பிச்சுது? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பைக் கரைக்க ஊசி போடலாம். அதுக்கு மேல போட்டா மூளையில ரத்தம் கசியுற ஆபத்து அதிகம்."

பதினொன்றரை என்று சொல்ல நாக்கு துடித்தது. கட்டிலில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மணிக்குங்க."

"அப்போ பக்கத்துல யாருமே இல்லையா?"

"நான் இருந்தேங்க" என்றேன். "சிரிச்சிக்கினு இருந்தேன்."