நெற்றி தொடாத சிலுவை

பகலெல்லாம் வெயிலைச் சுமந்து களைத்த நகரம், மழை ஓய்ந்த அம்மாலை வேளையில் கூரைகளிலிருந்து சொட்டும் நீரோசையைக் கேட்டவாறு இளைப்பாறிக்கொண்டிருக்க, கடைத்தெருவின் விளக்குகள் ஈரச் சாலையில் நீண்டு நெளிந்துகொண்டிருக்க, தெரு முடியுமிடத்தில் தீயணைப்பு நிலையத்தின் செந்நிற ஊர்தி, கழுவித் துடைக்கப்பட்டு, வாயிலை நோக்கி நின்றது. அதன் பின்புறம், நனைந்த நீர்க்குழாய்களை உலர்த்தத் தொங்கவிடும் உயர்ந்த கோபுரத்தின் அடியில், நிலையத் தலைவரின் வீடு இருந்தது. மூவர் வாழ்ந்த அவ்வீட்டில் இப்போது இருவரே இருந்தனர். அவ்விருவருக்கும் இடையே பேச்சில்லை.

கற்றறிந்த அன்பரே, நடந்ததைச் சுருங்கச் சொல்வேன். சென்ற மாதத்தில் பஞ்சுக் கிடங்கொன்று பற்றியெரிந்தபோது, உள்ளே அகப்பட்ட காவலாளியை மீட்கத் தலைவர் அனுப்பிய வீரன் அவருடைய ஒரே மகன். காவலாளி வெளியே வந்தார், கூரை சரிந்தது, மகன் வரவில்லை. எரியும் உத்தரத்தை வெறுங்கையால் புரட்டிய தலைவரின் கைகளிரண்டும் வெந்து, முழங்கைவரை கட்டுக்குள் கிடந்தன. ஏன் அவனை அனுப்பினீர் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டால் அவர் விடை சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினாள்.

கை இயங்காதவருக்கு அவளே கையானாள். உடல் துடைத்து, உடை மாற்றி, உணவூட்டி, உண்ணுமுன் தன்மேல் வரையும் சிலுவை அடையாளத்தை அவர்மேலும் வரைந்தாள். ஆயினும் நெற்றியை விட்டுவிட்டாள். மார்பைத் தொட்டு மகன் என்பாள். தோள்களைத் தொட்டுத் தூய ஆவி என்பாள். நெற்றிக்குரிய தந்தை என்னும் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. தந்தையாகிய கடவுள் தம் மகனை உலகிற்கு அனுப்பினார் என்று பிறந்தது முதல் கேட்டவள்தான். அனுப்பினார் என்னும் அச்சொல் இப்படிச் சுடும் என்று எவரும் சொல்லித் தரவில்லை. மகனிடம் அழுதாள், தூய ஆவியிடம் ஆறுதல் கேட்டாள், தந்தைக்கு மட்டும் முகங்கொடுக்க மறுத்தாள். மூவரும் ஒரே கடவுள் எனின், தான் அழுவது யாரிடம், பிணங்குவது யாரோடு என்று எண்ண எண்ண அவளுக்குத் தலை சுற்றியது.

ஆறுதல் கூற வந்த மறையாசிரியர், நீரும் பனிக்கட்டியும் நீராவியும் ஒன்றே, அம்மூவரும் அப்படியே என்று கையசைத்து விளக்கினார். அவள் தலையாட்டினாள், விளங்கியதால் அன்று, அவருடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால். பனிக்கட்டி உருகினால் நீர் அழுமா என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. நல்லவர், மனம் நோகுமே என்று விழுங்கிவிட்டாள்.

அன்று மாலையும் உணவுத் தட்டை வைத்துவிட்டுக் கணவரின் மார்பைத் தொடக் கை நீட்டினாள். அவர் சற்றே பின்வாங்கினார்.

"ஒண்ண விட்டுட்டே."

"தெரிஞ்சுதான் விட்டேன்."

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா?"

"அனுப்பினவர் பேரு வாயில வரமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவர் தம் கட்டுகளைப் பார்த்தார். "நான்தான் அனுப்பினேன். போகட்டுமான்னு என் முகத்தப் பாத்தான். சரின்னு தலைய ஆட்டினேன். அதுக்கப்புறம் வெளியில நின்னது யாரு, உள்ள எரிஞ்சது யாருன்னு எனக்கே தெரியல."

ஊட்டும்போதெல்லாம் கரண்டியையே பார்த்திருந்தவள், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். புருவம் கருகிய அம்முகத்தில், அதே அகலமும் இடப்புறம் அதே முடிச்சுழியுமாக, மகனுடைய நெற்றி இருந்தது. இத்தனை நாளும் தான் தொட மறுத்தது இதைத்தானா என்று எண்ணினாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விரல்கள் எழுந்து, நடுவழியில் தயங்கி, பின்னர் அந்நெற்றியில் படிந்தன.

"தந்தை," என்றாள்.

அழைத்தது விண்ணிலுள்ளவரையா, எதிரில் இருந்தவரையா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரை மன்னித்தாள், யாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்பதும் விளங்கவில்லை. மூவர் ஒருவராய் இருப்பது எங்ஙனம் என்பதை அறிந்தோர் உரைக்கட்டும். ஒருவரை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவரிடம் அழ இயலாது என்பதொன்றே அந்தத் தாய்க்குத் தெரிந்தது. தட்டில் உணவு ஆறிப்போயிற்று. மார்புக்கு இறங்கவேண்டிய கை, நெற்றியிலேயே நெடுநேரம் இருந்தது.