வந்தாச்சுல்ல, திரும்பலாமா

ஏரி மேல மேகம் எறங்கி உக்காந்திருந்துச்சு. நல்லா வெளுத்த வேட்டிய ஆளுக்கு ரெண்டு முனையாப் புடிச்சு, ஒரு ஒதறு ஒதறி, தண்ணி மேல மெல்ல விட்ட மாதிரி.

அப்பறம் வெயிலு வந்துச்சு. வேட்டிய யாரோ ஒரு முனையப் புடிச்சு இழுத்தாங்க. இழுக்க இழுக்க, அடியில பச்சையா ஒரு ஏரி. ஏரிக்கரையில பச்சையா மரம். மரத்தடியில பஜ்ஜிக் கடை.

பூங்காவனம் தொறந்த வாய மூடல. மே மாசமுங்க இது! கீழ சேலத்துல இந்நேரம் மொட்டை மாடித் தரை காலப் பொரிச்சிடும். இங்க பாத்தா, ரவிக்கைக்கு மேல ஸ்வெட்டரு, ஸ்வெட்டருக்கு மேல செவப்புத் துண்டு, அதையும் தாண்டி உள்ள ஒரு சிலுசிலுப்பு.

பக்கத்துல அவ வீட்டுக்காரரு, ராஜமாணிக்கம். ஏரிய ஒரு பார்வ பாத்தாரு. மரத்த ஒரு பார்வ. கைக்கடியாரத்த ஒரு பார்வ.

"வந்தாச்சுல்ல, திரும்பலாமா?"

கேட்டா சிரிப்பு வரும். ஆனா மனுசன் வெளையாட்டுக்குக் கேக்கல.

தலை கறுப்பா இருந்த நாள்லேர்ந்து போன பங்குனி வரைக்கும் சேலம் ஏற்காடு பஸ்ஸு ஓட்டினவரு அவரு. ஏறுவாரு. சனத்த எறக்கி விடுவாரு. ஒரு டீ. டயருக்கு ஒரு ஒதை. எறங்கிடுவாரு. ஊரு சனமெல்லாம் மலையில தங்கிச் சிரிச்சுப் போட்டோ புடிச்சுட்டு வரும். கூட்டியாந்தவரு மட்டும் ஒரு ராத்திரி தங்கினதில்ல.

மலைங்கறது அவருக்கு ஏறி எறங்கற எடம். இருக்கற எடம் இல்ல.

பூங்காவனம் கதை வேற. கல்யாணமான புதுசுல ஒருக்கா ஆசையா ஏறினா. கொண்டை ஊசி வளைவு ஒண்ணு வந்துச்சு, ரெண்டு வந்துச்சு, அவ கொடலும் கூடவே வாய்க்கு வந்துச்சு. பாதியில எறக்கி, எதுக்க வந்த பஸ்ஸுல ஏத்தி, வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அதோட சரி.

அதுக்கப்பறம் அவ பாத்த ஏற்காடெல்லாம் காக்கிச் சட்டைதான். சாயங்காலம் அவரு கழட்டிக் கொடியில போடுவாரு. மூஞ்சிய வச்சுப் பாத்தா அதுல ஒரு குளுரு இருக்கும். லேசாக் காப்பி வாசன. லேசா மழை. அம்புட்டுதான் அவளுக்குக் கெடச்ச மலை.

ரிட்டயர் ஆனவரு வீட்டுல சும்மா உக்காந்து வாசல்ல போற வண்டியெல்லாம் வைஞ்சுக்கிட்டே இருந்தாரா, மக செம்மலரு பாத்தா. "ரெண்டு பேரும் மொதல்ல கெளம்புங்க"ன்னு ஏரிக்கரை லாட்ஜுல ரெண்டு நாளைக்கு ரூம் போட்டுட்டா.

இந்தத் தடவ பூங்காவனம் உஷாரு. எலுமிச்சம்பழம் ஒண்ண மூக்குல வச்சவ, மலை ஏறி முடிக்கற வரைக்கும் எடுக்கல. வாந்தி வரல! ஆனா பக்கத்துல ஒரே ஆட்டம். என்னன்னு பாத்தா, வளைவுக்கு வளைவு இவரு வலது கால் தரைய மிதிக்குது. ஸ்டீரிங்கு வேறொருத்தன் கையில. பிரேக்கு மட்டும் இவரு காலுல.

"ஏங்க, தரை ஓட்டையாயிடப் போவுது."

"அவன் புடிக்க மாட்டேங்கறான் பூவு. நான்தான் புடிக்கறேன்."

வந்து எறங்கினதும் மனுசன் மொத வேலையா கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டு வச்சுக்கிட்டாரு. ரூம் போட்டிருக்கு. பெட்டியில ரெண்டு நாளுத் துணி இருக்கு. இருந்தாலும் கேட்டு வச்சுக்கிட்டாரு.

பூக்காட்சிக்குப் போனாங்க. செவப்பு, மஞ்ச, ஊதான்னு பூவாலயே ஒரு மயில நிப்பாட்டியிருந்தாங்க. கொழந்தைங்கல்லாம் கயித்துக்கு அந்தாண்ட நின்னு வாய்ல வெரல வச்சுக்கிட்டுப் பாக்குதுங்க. பூங்காவனமும் பாத்தா. வெரலு மட்டுந்தான் வைக்கல.

"பாத்தாச்சுல்ல, திரும்பலாமா?"

லேடீஸ் சீட்டுங்கற மலை முனைக்குப் போனாங்க. பாறை ஓரம் நின்னா, கீழ சேலம் அப்பிடியே அரிசி கொட்டின மாதிரி கெடக்குது. காத்து முந்தானையப் புடுங்குது. மாங்கா பத்தைய மொளகாப் பொடியில பொரட்டித் தின்னா, காத்துக்கும் காரத்துக்கும் கண்ணுல தண்ணி.

இவரு சேலத்தையா பாத்தாரு? மலை ரோட்டப் பாத்தாரு. "அங்க பாரு, அந்த வண்டி. செகண்டு கியருல வராம எப்பிடி வர்றான் பாரு. எவன் இவனுக்கு லைசென்சு குடுத்தான்?"

"பாத்தாச்சுல்ல—"

"வாயத் தொறந்தீங்க, இந்த மாங்காயத் திணிச்சுடுவேன்."

திரும்பி ஏரிக்கரைக்கு வந்தா, கோடை விழாக் கூட்டம். மைக்கு கத்துது. தம்பதிங்க மிதிபடகுப் போட்டியாம். புருசனும் பொண்டாட்டியும் ஒரே படகுல உக்காந்து மிதிக்கணும். ஏரி நடுவுல மிதக்குது பாருங்க ஒரு ஆரஞ்சு டிரம்மு, அதச் சுத்திட்டுக் கரைக்கு வரணும்.

படகெல்லாம் அன்னப்பறவ மாதிரி. வெள்ளைக் கழுத்து, செவப்பு மூக்கு, கண்ணுல ஒரு தெனாவெட்டு.

இவரு மணியப் பாத்தாரு. அவ அவரப் பாத்தா. இன்னைக்கு விட்டா இந்த மனுசன் இனிமே மலையில தங்கவே போறதில்ல, கொடியில தொங்கறதுக்கு இனி காக்கிச் சட்டையும் இல்லன்னு அவளுக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு.

"பந்தயம் வச்சுக்கலாமா?"ன்னா. "கடைசியா வராம இருந்தோம்னா, ரெண்டு நாளும் இங்கதான். முணுமுணுக்கக் கூடாது. கடைசியா வந்தோம்னா, கடைசி பஸ்ஸுல எறங்கிடலாம். பெட்டிய நானே தூக்கறேன்."

அவரு யோசிச்சாரு. வளைவு கண்டா வாந்தி எடுக்கறவ. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கறவ. சுத்தி இருக்கற படகுல பூரா எளவட்டப் பசங்க. கடைசி பஸ்ஸுல சன்னல் சீட்டே புடிச்சுட்ட மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

"சரி."

படகுல ஏறினதும், அதத் திருப்பற நடுக் கைப்பிடியப் பூங்காவனம் தொட்டா. அவரு கை வந்து அத எடுத்துக்கிச்சு. அது பழக்கம். வண்டின்னா அவரு கை. அதுல கேள்வியே இல்ல.

விசில் ஊதினாங்க.

தண்ணி தெறிக்குது. சிரிப்பு தெறிக்குது. புது மஞ்சக் கயித்தோட பக்கத்துப் படகுல ஒரு பொண்ணு, புருசங்காரன் தோளத் தட்டி, "மிதிங்க, மிதிங்க! அந்தத் தாத்தா வந்துடுவாரு!"ங்கறா.

தாத்தாவாம்!

அங்க பத்திக்கிச்சு பாருங்க. தோத்தா வீட்டுக்குப் போலாம்ங்கறது மனுசனுக்கு மறந்தே போச்சு. ஒருத்தன் தாண்டிட்டுப் போறான். நம்ம வண்டிய. நம்ம மலையில.

"மிதி பூவு!"

"மிதிச்சிட்டுதாங்க இருக்கேன்!"

போனாங்க. நல்லாத்தான் போனாங்க. ஒருத்தரத் தாண்டி, ரெண்டு பேரத் தாண்டி, ஆரஞ்சு டிரம்முகிட்ட வந்தாச்சு. கொண்டை ஊசி வளைவு! இவருக்குச் சொல்லணுமா? "இத நான் பாத்துக்கறேன்"னு கைப்பிடிய ஒரே ஒடியா ஒடிச்சாரு. பஸ்ஸு ஒடனே கேக்கும். படகு யோசிச்சுத்தான் கேக்கும். அது திரும்பல. இன்னும் ஒடிச்சாரு. இப்ப திரும்புச்சு. திரும்பிட்டே இருந்துச்சு.

ஐயோன்னு பிரேக்க மிதிச்சாரு.

படகுல ஏதுங்க பிரேக்கு? மிதிச்சா அது இன்னும் வேகமாப் போவுது. இன்னும் அமுக்கி மிதிச்சாரு. டிரம்ம ஒரு சுத்து. இன்னொரு சுத்து. நவகிரகம் சுத்தற மாதிரி அன்னப்பறவ சுத்துது.

மைக்குக்காரன் விடுவானா. "செவப்புத் துண்டு ஜோடி! வேண்டுதல் முடிஞ்சுதுன்னா கரைக்கு வாங்கண்ணே!"

கரை பூரா சிரிப்பு. பூங்காவனத்துக்கு சிரிச்சு சிரிச்சு விலா புடிச்சுக்கிச்சு. சுத்தறாங்க, சுத்தறாங்க, வாந்தி மட்டும் வரல. பின்னால வந்த படகெல்லாம் கரைக்குத் திரும்பிப் போவுது. இவங்கதான் கடைசி.

சிரிப்ப நிறுத்திட்டு அவ கைய நீட்டினா.

"குடுங்க."

அவரு பாத்தாரு. கைப்பிடியப் பாத்தாரு. வேர்வையில மூஞ்சி மினுங்குது. ஆயுசுல வேறொருத்தர் கேட்டுக் குடுத்த ஆளில்ல அவரு.

குடுத்தாரு.

அவ அத ஒடிக்கல. லேசாத் தொட்டா. தொட்டுட்டுக் காத்திருந்தா. களி கிண்டறப்ப கட்டி தட்டாம ஓரத்துலேர்ந்து தொழாவுவா பாருங்க, அந்தப் பதம். அன்னப்பறவ யோசிச்சுச்சு. கழுத்தத் திருப்புச்சு. கரையப் பாத்து நேரா நின்னுச்சு.

"நீங்க மிதிங்க. நான் பாத்துக்கறேன்."

மிதிச்சாரு. எப்பிடி மிதிச்சாரு! முன்னால ஒரு படகு. தலையில பூ வச்ச குண்டு அக்கா ஒருத்தி மிதிக்க மாட்டேன்னு சோளம் தின்னுக்கிட்டே வந்தா. அந்தப் படகத் தாண்டியாச்சு. இப்ப இவங்க கடைசி இல்ல. கரை இதோ. இன்னும் கொஞ்சம். ரெண்டு நாளு மலை இதோ, இன்னும் கொஞ்சம்.

அப்பத்தான் தூறலு விழுந்துச்சு.

வெயிலு அடிச்சுக்கிட்டே தூறலு. தண்ணியில ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள வெயிலு. தூறலுக்குப் பின்னாலயே மரத்து உச்சியத் தடவிக்கிட்டு, சத்தமில்லாம, மேகம் எறங்குச்சு.

மூஞ்சியில வந்து பட்டுச்சு. குளுரா. லேசாக் காப்பி வாசனையா. லேசா மழையா.

பூங்காவனத்துக்குத் தெரிஞ்ச வாசன. கொடியில தொங்கின வாசன. இன்னைக்குச் சட்டையில இல்ல. நேரா மூஞ்சியில.

கைப்பிடி கைய விட்டு நழுவினது அவளுக்குத் தெரியல. காலு நின்னது தெரியல.

"பூவு! மிதி! கரை வந்துருச்சு! அந்தச் சோளக்காரி வர்றா பாரு!" கத்தினாரு. திரும்பி அவ மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம் அவ எங்க பாக்கறாளோ அங்க பாத்தாரு.

மேகம்னா அவருக்கு எதிரிங்க. வைப்பரப் போட்டு, லைட்டப் போட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, எப்ப வெலகும் எப்ப வெலகும்னு பாத்த சாமான் அது. நடுவுல எப்பவும் ஒரு கண்ணாடி இருந்துச்சு. இன்னைக்குக் கண்ணாடி இல்ல. அது வந்து அவரு மீசையில உக்காந்துச்சு. இமையில உக்காந்துச்சு. வைப்பர் போட ஒண்ணுமில்ல.

அவரு காலும் நின்னுச்சு.

ஏரி காணோம். கரை காணோம். மைக்குச் சத்தம் எங்கியோ பஞ்சுக்குள்ள கேக்குது. வெள்ளையில ஒரு அன்னப்பறவ. அதுல ரெண்டு பேரு. அவ்வளவுதான் ஒலகம்.

மேகம் வெலகினப்ப, சோளக்கார அக்கா கரையேறிக் கையத் தொடச்சுக்கிட்டு இருந்தா.

கடைசி.

பூங்காவனத்துக்குப் பேச்சுன்னா பேச்சு. லாட்ஜுக்குப் போனா. பிரிக்காத பெட்டிய எடுத்தா. நானே தூக்கறேன்னு சொன்னவ, தூக்கிட்டு வந்தா. அவரு பின்னாலயே வந்தாரு. வழியில மைக்குக்காரன்கிட்ட நின்னு ஏதோ கேட்டாரு. அவ கவனிக்கல.

பொழுது எறங்கற நேரம். கடைசி பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது. டிரைவரு சிங்காரம், இவருகிட்ட வேலை பழகின பையன், சன்னல்ல தலைய நீட்டினான்.

"வாங்கண்ணே! மொத சீட்டு உங்களுக்குத்தான். அண்ணிக்கு எலுமிச்சம்பழம் வேணுமா?"

அவ ஏறி உக்காந்தா. பெட்டி மடியில. ஏரி அந்தாண்ட லேசாத் தெரியுது. அதப் பாக்கல, பாத்தா அழுகை வரும்னு முந்தானை நுனியப் பாத்தா.

இவரு ஏறல. டயருக்கு ஒரு ஒதை விட்டாரு. அது பழக்கம். அப்பறம் சன்னல்கிட்ட வந்தாரு.

"பூவு, எறங்கு."

"ஏங்க, பந்தயம்—"

"நாளைக்கும் போட்டி உண்டாம். அந்த மைக்குப் பய சொன்னான். ஒரு குண்டுப் பொம்பளகிட்ட, அதுவும் சோளம் தின்னுக்கிட்டு மிதிக்காம வந்தவகிட்ட தோத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மலை எறங்கறது?"

சிங்காரம் ஆரன அமுக்கினான். "அண்ணே, வண்டிய எடுக்கட்டுமா?"

"எடுறா. எடுத்துட்டுப் போ. செகண்டு கியருல போ."

பெட்டிய சன்னல் வழியா அவருதான் வாங்கினாரு. அவ எறங்கினா. பஸ்ஸு வளைஞ்சு போச்சு. அவரு காலு தரைய மிதிக்கல. அவ பாத்துக்கிட்டேதான் இருந்தா. மிதிக்கல.

ஏரிக்கரைக்கு வந்தாங்க. பஜ்ஜிக் கடையில மொளகா பஜ்ஜி. சூடு ஊதி ஊதித் தின்னாங்க. அந்தாண்ட மரமெல்லாம் கறுத்துக்கிட்டு வருது.

அவளுக்குக் குறும்பு. அவரு மணிக்கட்டப் புடிச்சுக் கடியாரத்தப் பாத்தா.

"தின்னாச்சுல்ல, திரும்பலாமா?"

"சும்மா உக்காரு பூவு." வாய் நெறைய பஜ்ஜி. "நாளைக்குக் கைப்பிடி நீ புடி. மிதிக்கறத நான் பாத்துக்கறேன்."

உக்காந்தாங்க. எதுக்க, மரத்து உச்சியத் தடவிக்கிட்டு, மேகம் எறங்குச்சு. நல்லா வெளுத்த வேட்டிய ஆளுக்கு ரெண்டு முனையாப் புடிச்சு, ஒரு ஒதறு ஒதறி, ஏரி மேல மெல்ல விட்ட மாதிரி. அன்னப்பறவைங்களப் போத்துச்சு. ஆரஞ்சு டிரம்மப் போத்துச்சு.

அப்பறம் கரையேறி வந்து, இவங்க ரெண்டு பேரையும் போத்துச்சு.