முடிச்சிட்டுப் போகலாம்

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, மாவட்ட நீதிமன்றத்தின் மூன்றாம் எண் அறையில், குறுக்கு விசாரணையில் நின்றிருந்த சாட்சி ஒருவர் சிறுநீர் கழித்துவிட்டு வர அனுமதி கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை.

கேட்டவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். எழுபதைத் தாண்டியவர். மரச்சாமான் கிடங்கு ஒன்றில் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இறந்துபோன வழக்கு அது. கம்பி வடம் பிரிந்திருக்கிறது, ஆளை ஏற்றாதீர்கள் என்று கிடங்கு முதலாளியிடம் நேரிலேயே எச்சரித்ததாகச் சொல்ல வந்திருந்தார். இறந்தவரின் மனைவி கேட்ட இழப்பீடு அவருடைய அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இருந்தது. அந்தப் பெண் கடைசி பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வக்கீலுக்குப் பக்கத்து அறையில் இன்னொரு வழக்கு. "இதோ வந்துடறேம்மா" என்று போனவர் இன்னும் வரவில்லை.

மெக்கானிக் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுண்டு விரலைப் பாதி தூக்கியிருந்தார். தூக்கியதற்குத் தானே வெட்கப்பட்டு உடனே மடக்கிக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன். அவசரம்."

முதலாளி தரப்பு வக்கீல் மேசையில் பேனாவை வைத்தார். "குறுக்கு விசாரணை நடுவுல சாட்சியை வெளிய விட்டா, சொல்லிக் கொடுக்கறதுக்கு வராண்டாவுல ஆள் நிக்கும். எனக்கு ஆட்சேபணை இருக்கு ஐயா."

"இருங்க பெரியவரே" என்றார் நீதிபதி. "அஞ்சு நிமிஷ வேலை. முடிச்சிட்டுப் போகலாம். நானும் காலையிலேர்ந்து இங்கதானே உக்காந்திருக்கேன்."

உண்மைதான். அவர் உட்கார்ந்தால் எழமாட்டார். பத்தரைக்கு ஏறினால் உணவு இடைவேளைக்குத்தான் இறங்குவார். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பசை'. காலையில் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் ஊழியரிடம் யாராவது "பசை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "இன்னும் காயல" என்பார் அவர். அந்த ஊழியருக்கும் 'தொண்டை' என்று ஒரு பெயர் உண்டு. அவர் கூப்பிட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், கணினி முன்னால் தட்டச்சர் உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்வதை நீதிபதி எழுத்து வழக்குக்கு மாற்றிச் சொல்வார். அவர் சொல்வதை அவள் அடிப்பாள். பதினோரு வருடமாக அவள் செய்யும் வேலை அதுதான். சாட்சி அழுதால் அழுகை ஏறாது. இருமினால் இருமல் ஏறாது. நீதிபதியின் வாயிலிருந்து வருவது மட்டும் ஏறும்.

ஆனால் மெக்கானிக் விரலைத் தூக்குவதற்கு வெகுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். அந்த அவசரத்தை அவள் தன் உடம்பில் வைத்துக்கொண்டு பல வருடம் தட்டச்சு செய்திருக்கிறாள்.

அவளுடைய இடது புறங்கையில், பிளாஸ்திரிக்கு அடியில், ஊசி ஏற்றுவதற்கான குழாய் அப்போதும் இருந்தது. முந்தானையால் மூடியிருந்தாள். ஒரு வருடத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. முதல் இரண்டு தடவை எரிச்சலும் அடிவயிற்று வலியும் மாத்திரையில் அடங்கின. மூன்றாம் தடவை பல் கிட்டிக்கொள்ளும் குளிர் காய்ச்சலில் வந்தது. விலாவுக்குப் பின்னால் யாரோ முழங்கையால் குத்திக்கொண்டே இருப்பதுபோல வலி. வழக்கமான மாத்திரை எதற்கும் இந்தக் கிருமி அசையவில்லை என்று பரிசோதனையில் வந்தது. தினமும் சாயங்காலம் மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு" என்றாள் டாக்டரம்மா. தட்டச்சரைவிட வயதில் சின்னவள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"காலையில வீட்டுல. அப்புறம் சாயங்காலம் வீட்டுல."

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டாள். "நடுவுல?"

"நடுவுல கோர்ட்டு."

"தண்ணி?"

"தண்ணி குடிச்சா போகணுமே."

"நான் எழுதறது கிருமிக்கு மருந்து. உங்க ஆபீஸுக்கு எழுத எங்கிட்ட மருந்து இல்ல" என்றாள் டாக்டரம்மா. கோபமாகத்தான் சொன்னாள். கோபம் தன்மேல் இல்லை என்று தெரிந்தும் தட்டச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் கழிவறைகள் இல்லாமல் இல்லை. நீதிபதிகளின் அறைக்குள் ஒன்றொன்று உண்டு. வக்கீல்களுக்கு அவர்கள் சங்கத்தில் உண்டு. பெண் ஊழியர்களுக்கு முற்றத்தைத் தாண்டி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று. அதன் சாவி தலைமை எழுத்தரின் மேசை இழுப்பறையில் இருக்கும். போக நான்கு நிமிடம், வர நான்கு நிமிடம், "சாவி வேணும் சார்" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கே இருக்கும் ஆண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பொதுமக்களுக்கு இருந்த கழிவறை மூன்று வருடமாகப் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, விசாரணை நடுவே எழுந்து போய்விட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அறை முழுவதும் அமைதியாக அவளுக்காகக் காத்திருந்தது. "வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்று அன்றைய நீதிபதி கேட்டார். இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் எழுந்ததில்லை.

விசாரணை தொடர்ந்தது. ஐந்து நிமிட வேலை முடியவில்லை.

அதுவரை அவள் அடித்திருந்த பக்கத்தில் மெக்கானிக் தன் சொல்லில் அசையாமல் நின்றிருந்தார். 'வடம் பழுதானது எனக்குத் தெரியாது என்றால் சரியல்ல. முதலாளியை நான் சந்திக்கவேயில்லை என்றால் சரியல்ல.' கேள்விகளைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்திருந்தார். இரண்டாவது முறை கேட்டார். "ஐயா, எனக்கு புராஸ்டேட் இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். அடக்க முடியாதுங்கய்யா." வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். நீதிபதி, "கடைசிக் கேள்விக்கு வந்துட்டாங்க, சுருக்கமா சொல்லுங்க" என்றார். வக்கீல் கடைசிக் கேள்விக்கு வரவில்லை. நிதானமாகக் காகிதங்களைப் புரட்டினார். நின்றபடியே ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"எச்சரிச்சேன்னு சொல்றீங்க. என்னைக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லை."

"ஆமாங்க."

"முதலாளிகிட்ட சொல்லாம, வேற யார்கிட்டயோ சொல்லியிருக்கலாம்."

மெக்கானிக்கின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மூன்றாவது முறையாக நீதிபதியைப் பார்த்தார். விரலைக்கூடத் தூக்கவில்லை. "ஐயா" என்று மட்டும் சொன்னார். நீதிபதி, "பதில் சொல்லுங்க" என்றார்.

"ஆமாங்க."

"செத்துப்போனவரோட சம்சாரம் கேட்டுக்கிட்டதால சாட்சி சொல்ல வந்திருக்கீங்க."

"ஆமாங்க. எல்லாம் நீங்க சொல்றதுதாங்க."

கடைசி பெஞ்சில் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். தொண்டை அவளைக் கையமர்த்தி உட்காரவைத்தார்.

'முதலாளியிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொல்லியிருக்கலாம் என்றால் சரிதான்' என்றார் நீதிபதி. தட்டச்சர் அடித்தாள். 'இறந்தவரின் மனைவி கேட்டுக்கொண்டதால் சாட்சி சொல்கிறேன் என்றால் சரிதான்.' அடித்தாள். திரையில் சரியல்லகள் ஒரு இடத்தில் நின்றுபோய், சரிதான்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நாளை இதைப் படிக்கப்போகிற எவருக்கும் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. பொய் சொன்ன கிழவன் மாட்டிக்கொண்டான் என்று நினைப்பார்கள். அவளுக்கு விலாவில் சுருக்கென்றது. வலியா ஆத்திரமா என்று அவள் யோசிக்கவில்லை. சுட்டியை மேலே நகர்த்தினாள். மூன்று இடங்களில், நீதிபதி சொல்லாத ஒரு வாக்கியத்தை அடித்தாள். விரல்கள் எப்போதும் போல வேகமாகத்தான் போயின.

ஒருவழியாக வக்கீல் உட்கார்ந்ததும், மெக்கானிக்கைத் தொண்டை கைத்தாங்கலாக வெளியே அழைத்துப்போனார். அச்சுப்பொறியிலிருந்து தாள்கள் வந்து விழுந்துகொண்டிருந்தபோது இருவரும் திரும்பி வந்தார்கள். மெக்கானிக் முன்னால் வளைந்து, வயிற்றைப் பிடித்தபடி கூண்டின் படியிலேயே உட்கார்ந்தார்.

"வரல தங்கச்சி" என்றார் தொண்டை, குனிந்து அவள் காதில். அவருக்கு மெதுவாகப் பேச வருமென்று அன்றுதான் தெரிந்தது. "வக்கீலுங்க பாத்ரூமுக்கே கூட்டிட்டுப் போனேன். நின்னு நின்னு பாத்தாரு. ஒரு சொட்டு வரல."

வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அது தட்டச்சரின் வேலை. அவள் எழுந்து நின்று வாசித்தாள். அவளுக்கு மாடக்குழியில் வைத்த விளக்கு மாதிரி அடங்கிய குரல். அந்த வரி வந்தபோதும் குரலை ஏற்றவில்லை.

"'இந்த நிலையில் சாட்சி சிறுநீர் கழிக்கச் செல்ல அனுமதி கேட்டார். அனுமதிக்கப்படவில்லை.'"

நீதிபதி நிமிர்ந்தார். "அது என்னம்மா? நான் சொல்லலையே."

"நீங்க சொல்லலைங்கய்யா. நடந்தது."

"சாட்சி சொன்னதை எழுதறதா, மூத்திரம் கேட்டதை எழுதறதா?" என்றார் முதலாளி தரப்பு வக்கீல். அறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை.

"அதைக் கோடு போட்டு அடிச்சுடும்மா" என்றார் நீதிபதி.

"அடிக்கறேங்கய்யா. அச்சான தாள்ல அடிச்சா பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடணும். எதுக்கு அடிச்சோம்னு கீழ ஒரு வரி வேணும். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

இறந்தவரின் மனைவிக்கு வாதாடும் வக்கீல் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்திருந்தார். என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இருக்கட்டுங்கய்யா. இவரை நான் மறு விசாரணை பண்ணும்போது எனக்கு வேணும்" என்றார்.

படியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார். முகம் சாம்பலாக இருந்தது.

"கையெழுத்துதானேங்கய்யா. எங்க போடணும்னாலும் போட்டுடறேன். எதுல வேணும்னாலும் போட்டுடறேன்."

நீதிபதி சாட்சியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுவிட்டு, இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே எழுந்து உள்ளே போனார்.

தொண்டை மெக்கானிக்கை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் ஊசிக்குப் போனபோது, ஆண்கள் பகுதியில் மூன்றாவது கட்டிலில் தட்டச்சர் அவரைப் பார்த்தாள். கட்டில் சட்டத்தில் பை தொங்கியது. போர்வைக்குள்ளிருந்து குழாய் வந்து அதில் இறங்கியது.

"குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு" என்றாள் டாக்டரம்மா. "காலையில சளி மாத்திரை ஒண்ணு போட்டிருக்கார். புராஸ்டேட் வீங்கினவங்களுக்கு அது ஆகாது. அதுவும் ஒரு காரணம். அதோட அவ்வளவு நேரம் அடக்கினா, மூத்திரப்பை விரிஞ்சு, அப்புறம் சுருங்கத் தெம்பில்லாம போயிடும். சில நாள் குழாய் இருக்கட்டும். எடுத்துப் பாக்கலாம். தானா வரலேன்னா ஆபரேஷன்."

மெக்கானிக் தட்டச்சரை அடையாளம் கண்டுகொண்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நான் சொன்னேம்மா அந்த ஆளுகிட்ட. கம்பி பிரியுது, ஆளை ஏத்தாதீங்கன்னு. மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அங்க நின்னு எல்லாத்துக்கும் ஆமா போட்டுட்டேனே. அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நீங்க கேட்டதும் எழுதியிருக்குங்கய்யா."

"எதைக் கேட்டது?"

"ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டது. மூணு தடவையும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் குழாய் இழுத்தது. "லிஃப்ட் வேலை பாத்த காலத்துல நாப்பது மாடி ஏறி இறங்கியிருக்கேன்" என்றார். "எங்க நின்னாலும் போகத் தெரிஞ்சவன்மா நான்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தன் கையை நர்ஸிடம் நீட்டினாள்.

அடுத்த வாரம் தட்டச்சரிடம் விளக்கம் கேட்டு அலுவலகக் குறிப்பு வந்தது. நீதிபதி சொல்லாததை வாக்குமூலத்தில் சேர்த்தது ஏன்? சாட்சிக்கு நேர்ந்தது சளி மாத்திரையால் என்று தெரிந்தும் நீதிமன்றத்துக்கு அவப்பெயர் வரும்படி நடந்துகொண்டது ஏன்? அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: சாட்சி கேட்டார், அனுமதிக்கப்படவில்லை, எழுதினேன். அதற்குள் மன்னிப்பு என்ற சொல்லை நுழைக்கச் சொல்லி தலைமை எழுத்தர் இரண்டு நாள் அவள் மேசையைச் சுற்றி வந்தார். "ஒரு வார்த்தைம்மா, செத்தா போயிடுவே?" என்றார். "போனா போகட்டும் சார், சாவி மட்டும் எடுத்துக் குடுங்க" என்றாள் அவள்.

மார்ச் மூன்றாம் தேதி அவளை நகல் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் நிறுத்தி வைக்கப்பட்டது. மெக்கானிக்குக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. மறுபடி போட்டு, அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அதனால் மறு விசாரணை ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது.

நகல் பிரிவு பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. பழைய வழக்குக் கட்டுகளின் தூசி. மூலையில் ஒரு கதவு. அதற்குப் பின்னால் கழிவறை. பூட்டு இல்லை. அவள் தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

மாதக் கடைசியில் வந்த மனுக்களில் ஒன்று, இறந்த தொழிலாளியின் மனைவியுடையது. வாக்குமூலத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தட்டச்சர் கட்டைப் பிரித்து, தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்து எடுத்தாள். மூன்று இடங்களிலும் அந்த வரிகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் 'உண்மை நகல்' என்ற முத்திரையைக் குத்தினாள். மை காய்வதற்காகத் தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு, எழுந்து கழிவறைக்குப் போனாள். யாரையும் கேட்கவில்லை.